அப்பவே உண்டே, ஓய்!

ஹாலாஸ்யமய்யரிடம் நீங்கள் ஏதாவது ஒரு சேதி சொல்லத் தொடங்கிப் பாருங்கள். என்ன சேதி என்பது முக்கியமில்லை. அவர் தலையை மட்டும் கவனியுங்கள். உங்கள் வாக்கியத்தின் முன்பாதி வெளியே வந்து, பின்பாதி இன்னும் தொண்டைக்குள் இருக்கும்போதே அந்தத் தலை ஆடத் தொடங்கிவிடும். வேகமான ஆட்டம் அல்ல. ஊஞ்சலிலிருந்து ஆள் இறங்கிப் போன பிறகு பலகை மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி நிதானமான ஆட்டம். கண்கள் பாதி மூடிக்கொள்ளும். நீங்கள் சொல்லி முடித்ததும், ஒருவேளை முடிக்காவிட்டாலும், உதடு பிரியும்.

"அப்பவே உண்டே, ஓய்!"

ஆவணி மூல வீதியில் அவர் வீட்டுக்கு எதிர்மாடி அறையில் நான் குடியிருந்தேன். காலேஜில் சேர்ந்த வருஷம் முதல் அந்தத் தலையாட்டத்தைக் கவனித்து வந்திருக்கிறேன். பி.ஏ.யில் படித்ததில் பாதி மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

வாசகரே, இவரை ஓர் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் ஓர் இனம். கோர்ட்டு வாசலில், காப்பி கிளப்பில், ரயிலில் ஜன்னலோர இடத்தில், கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்காகக் காத்திருக்கும் கூட்டத்தில் எல்லாம் இந்த இனத்தைக் காணலாம். இவர்களுக்கு உலகத்தில் எதுவும் நடப்பதில்லை. எல்லாம் ஏற்கனவே நடந்து முடிந்துவிட்டது. மற்றவர்களுக்குத்தான் சேதி தாமதமாக வந்து சேர்கிறது.

ஊரில் மின்சார விளக்கு வந்தது. வீதியெல்லாம் ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹாலாஸ்யமய்யர் அண்ணாந்து பார்க்கவில்லை. "சிவகங்கைப் பக்கத்திலே ஒரு ஜமீன்தார், கண்ணாடிக் குடுவைக்குள்ளே மின்மினியைப் பிடிச்சு அடைச்சு, அதை வெச்சுண்டே ராத்திரியிலே கணக்கு எழுதினார். அப்பவே உண்டே!" என்றார். பேசும் படம் வந்தது. "திரைக்குப் பின்னாடி ஆளை நிறுத்திப் பேச விடறது அப்பவே உண்டே!" அவனியாபுரத்துக்கு மேலே ஓர் ஆகாயக் கப்பல் பறந்து போனதாக ஒரு நாள் ஊரெல்லாம் பேச்சு. இங்கே நீங்கள் அவர் புராணத்தை இழுப்பார் என்று எதிர்பார்ப்பீர்கள். இல்லை. புராணத்தை இழுப்பவர்கள் இந்த இனத்திலே மூன்றாம் தரம். முதல் தரத்து ஆசாமி புராணம் பேசமாட்டார்; சாட்சியம் பேசுவார். அவருடைய சாட்சியத்தில் செத்துப்போன ஒரு மாமா இருப்பார். இடிந்துபோன ஒரு கட்டடம் இருக்கும். இப்போது பாதை இல்லாத ஓர் ஊர் இருக்கும். எங்கே போய் நீங்கள் விசாரிப்பது?

சேதி நல்லதாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, "மாமனார் தவறிப்போயிட்டார்" என்று அழுதபோது, "போவார்னு அப்பவே தெரியுமே" என்று தலையாட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். அழுதவர் அழுகையை நிறுத்தி, ஏதோ பழைய செய்திக்காக அழுதுவிட்டவர்போல வெட்கப்பட்டுப் போனார்.

அவர் மனைவி பாகீரதி அம்மாள் ஒரு தடவை சொன்னாள்: "எங்க கல்யாணத்திலே திருமாங்கல்யம் கட்டறச்சேகூடத் தலையை ஆட்டிண்டே இருந்தார். 'கொஞ்சம் ஆடாமே இருடா'ன்னார் மந்திரம் சொன்ன வாத்தியார். 'சொல்வேள்னு தெரியுமே'ன்னார்!"

இனி சுவருக்கு வருவோம்.

மதுரைக்காரனை எந்த ஊர்ச் சந்தைக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடலாம். முகத்தைப் பார்க்க வேண்டாம், முதுகைப் பாருங்கள். வெள்ளையாக இருக்கும். வீடு, கடை, சத்திரம், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடிக்கிற ஊர், சாய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்புக்குப் பதிலாக எண்ணெய் வர்ணம் அடிக்கலாமே என்றால், சுண்ணாம்புச் சுவரில் எண்ணெய் வர்ணம் நிற்காது. அடுத்த மழைக்குள் வெயிலில் காய்ந்த வாழைச் சருகு மாதிரி உரிந்து தொங்கும். இந்தச் சங்கடத்தோடு எல்லோரும் முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டு வாழ்ந்துகொண்டிருந்தோம். ஒருத்தரால் மட்டும் அப்படி வாழ முடியவில்லை.

அவர் கோரிப்பாளையத்தில் காவிப்பொடியும் சுண்ணாம்பும் விற்ற சேக் மைதீன் ராவுத்தர். அடக்கமானவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெருமைக்காரர், சண்டைக்காரர், ஓயாத பேச்சுக்காரர். புளியங்கொட்டைப் பசையையும் ஆளிவிதை எண்ணெயையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் சுண்ணாம்புச் சுவரைப் பிடித்துக்கொள்ளும், கையிலும் ஒட்டாது என்று அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. எண்ணம் வருவது பெரிதில்லை. எண்ணெயும் பசையும் சேர வேண்டுமே! சேர்க்கச் சேர்க்கப் பால் திரிந்த மாதிரி திரிந்தது. மூன்று வருஷம் திரிந்தது. ஒவ்வொரு தோல்வியையும் தன் வீட்டுச் சுவரிலேயே பூசிப் பார்த்ததில், அந்த வீடு சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. "எங்கிட்டுச் சாஞ்சாலும் சீலையில ஒரு கலரு. ஊருல எல்லாரும் சாயச்சீலையைக் கடையில வாங்குறாக, நான் வீட்டுச் சொவத்துல வாங்குறேன்" என்பாள் அவர் மனைவி சாதிகா.

கடைசியில் பிடித்துவிட்டார். பசையை எண்ணெயில் ஊற்றக் கூடாது. பசை கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அதற்குள் விட வேண்டும். கலக்குகிற கை நிற்கக் கூடாது. நன்றாக ஆறின பிறகுதான் சுண்ணாம்புத் தெளிவு. அவ்வளவுதான் ரகசியம். கேட்டால் இம்புட்டுத்தானா என்று தோன்றும். தோன்றட்டும். அந்த 'இம்புட்டு' மூன்று வருஷம் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவர் கடைக்குள் போவது ஆபத்து. உள்ளே காலை வைத்தால், தோளில் கிடக்கும் துண்டைப் பிடுங்கி உங்கள் கையில் கொடுத்து, சுவரைக் காட்டுவார். "தேயுங்க. இன்னும் நல்லாத் தேயுங்க அண்ணே, சொவரு ஒண்ணும் அழுவாது. இப்பத் துண்டைப் பாருங்க." துண்டு சுத்தமாக இருக்கும். நீங்கள் "அட!" என்பீர்கள். அந்த 'அட'வைக் கேட்டதும் அவர் முகத்தில் வருகிற வெளிச்சம் இருக்கிறதே, அது வியாபாரியின் முகமல்ல. பலர் ஒன்றுமே வாங்காமல் 'அட' மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்களுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுப்பார்.

எனக்கு அப்போது பி.ஏ. பட்டம் இருந்தது, வேலை இல்லை. வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுத்தைக் கண்ட முதல் ஆள் நான். அதனால் ஊருக்குத் திரும்பவும் முடியாது, பட்டணத்தில் தங்கவும் வழியில்லை. சேக் மைதீன் தம் வர்ணத்துக்குப் பேடண்ட் வாங்க வேண்டும் என்று என்னைப் பிடித்தார். "பி.ஏ. மாப்ள, நான் சொல்லச் சொல்ல இங்கிலீசுல எழுது. ஒரு சொட்டுக் கூடவும் கூடாது, கொறயவும் கூடாது."

பேடண்ட் என்றால், புது முறையைக் கண்டுபிடித்தவன் அதைச் சர்க்காரிடம் பதிந்துகொள்வது. பதிந்துகொண்டால், சட்டம் விதித்த காலம் வரை வேறொருவன் அந்த முறையில் செய்து விற்க முடியாது. நிபந்தனை ஒன்றுதான் முக்கியம்: முறை புதிதாக இருக்க வேண்டும். சுலபமாகத் தோன்றுகிறதல்லவா? யோசித்துப் பாருங்கள். பழசு என்று நிரூபிக்க ஒரு சாட்சி போதும். புதிது என்று நிரூபிக்க யாரைக் கூப்பிடுவது? 'இது எனக்குத் தெரியாது' என்று கையெழுத்துப் போட நம் ஊரில் யார் முன்வருவார்கள்?

பேடண்ட் ஆபீஸ் இருக்கும் கல்கத்தாவுக்கு எழுதினோம். சென்னைப் பட்டணத்து வர்ணக் கம்பெனி ஒன்று ஆட்சேபித்தது. முதல் விசாரணையில் சேக் மைதீன் ஜெயித்தார். கம்பெனி அப்பீல் போட்டது. இந்தக் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை: தகரக் கூரைக்கு அடிக்கிற ஒரு சிவப்பு வர்ணத்துக்கு ஏற்கனவே பேடண்ட் வைத்துக்கொண்டு, அந்தச் சிவப்பிலேயே பிழைத்துவந்த கம்பெனி அது. இப்போது நம் சுவர்களும் அதற்குத் தேவைப்பட்டன. அப்பீல் அவர்கள் பக்கம் தீர்ந்தால் சேக் மைதீனின் முறையை யந்திரத்தில் செய்து, டப்பாவில் அடைத்து, அவர் கடைக்குப் பக்கத்துக் கடையிலேயே விற்பார்கள். அவர் மறுபடியும் காவிப்பொடி நிறுக்க உட்கார வேண்டியதுதான். காவிப்பொடி நிறுப்பது கேவலமில்லை. ஆனால் மூன்று வருஷம் திரிந்த மனிதரால் இனி அது முடியுமா?

அப்பீலுக்குக் கம்பெனி ஒரு சாட்சி தேடியது. இந்த முறை வெகு நாளாக வழக்கத்தில் உள்ளதுதான் என்று சொல்ல ஒரு பெரிய மனிதர் வேண்டும். கம்பெனியின் வக்கீல் சிவசங்கரன் மதுரைக்கு வந்து இறங்கி, ஸ்டேஷன் வாசலில் இரண்டு பேரை விசாரித்திருக்கிறார். இருவரும் ஒரே வீட்டைக் காட்டியிருக்கிறார்கள்.

எதிர்மாடியிலிருந்து எல்லாவற்றையும் நான் பார்த்தேன். வக்கீல் வாயைத் திறந்தார். "புளியங்கொட்டைப் பசையிலே எண்ணெயைச் சொட்டுச் சொட்டா..." என்று ஆரம்பித்தாரோ இல்லையோ, தலை ஆடிற்று.

ஹாலாஸ்யமய்யர் கம்பெனியிடம் ஒரு காசு வாங்கவில்லை. வக்கீல் கொண்டுவந்த பழக்கூடையைக் கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதுதான் பயங்கரம். கூலிக்குப் பொய் சொல்பவனைக் கூண்டில் ஏற்றி நாலு கேள்வி கேட்டால் வியர்க்கும், ஏனென்றால் உண்மை எது என்று அவனுக்குத் தெரியும். நம்மவருக்கு எங்கே தெரிகிறது? சொன்ன கணத்தில் அவர் மாமா எழுந்து வந்தார், மாமாவின் வீடு எழுந்து நின்றது, சுவரில் புளியங்கொட்டை வர்ணம் பளபளத்தது. பார்த்ததைத்தானே சொன்னார்!

சேதி கேட்டு சேக் மைதீன் என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். அந்த வீட்டு வாசல் சுவர் என்ன வர்ணம் என்கிறீர்கள்? சேக் மைதீன் வர்ணம்தான். போன தைக்கு அவரே ஆள் வைத்து அடித்துக் கொடுத்தது. அதில் சாய்ந்துகொண்டுதான் ஹாலாஸ்யமய்யர் உட்கார்ந்திருந்தார். முதுகு சுத்தமாக இருந்தது.

"வாரும் ராவுத்தரே! வருவீர்னு தெரியுமே."

"சாமி, நல்லாருக்கீகளா? ஒண்ணு கேக்கணும். இந்தச் சொவரு எப்படி இருக்கு?"

"பேஷா இருக்கு. ஒட்டறதில்லே, உரியறதில்லே. இந்த ஜில்லாவிலேயே இப்படி ஒரு வர்ணம் கிடையாது."

"அப்ப இது புதுசுதானே சாமி?"

"நன்னா இருக்குன்னு சொன்னேன். புதுசுன்னு எப்போ சொன்னேன்? எங்க மாமா ஆத்திலே அப்பவே உண்டே!"

"எந்த மாமா?"

"அவர் போயிட்டார்."

"வீடு?"

"வைகை வெள்ளத்திலே போயிடுத்து."

"மாமாவும் போயிட்டாரு, வீடும் போயிருச்சு, கலரு மட்டும் ஒங்க தலைக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்காக்கும்!" என்று சேக் மைதீன் எழுந்துவிட்டார். "சாமி, இந்தக் கலருக்காக நான் மூணு வருசம் நாயா அலைஞ்சேன். மாமா வீட்டுல இருக்குன்னு அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கப்படாதா? நேரா வந்து கேட்டுட்டுப் போயிருப்பேன்ல!"

ஹாலாஸ்யமய்யர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீர் கேக்கலையே" என்றார், மிகுந்த அன்போடு.

இந்த இனத்தைக் கோபப்படுத்தவும் முடியாது, வாசகரே. நீங்கள் கோபப்படுவீர்கள் என்பதும் அவர்களுக்கு அப்பவே தெரியும்.

வாசற்படி இறங்கும்போது பாகீரதி அம்மாள் கதவோரம் நின்று மெல்லச் சொன்னாள்: "ராவுத்தரே, மனசிலே வெச்சுக்காதேயும். உம்ம பேரிலே அவருக்கு விரோதம் கிடையாது. அந்தக் கம்பெனிக்காராளோட வர்ணத்தையே அவர்கிட்டே சொன்னாலும் 'அப்பவே உண்டே'ன்னுதான் சொல்வார்."

சேக் மைதீன் காதில் அது விழவில்லை. அவர் இன்னும் அந்த மாமாவைத் திட்டிக்கொண்டிருந்தார். என் காதில் விழுந்தது.

அன்று மாலை அறைக்கு வந்து எனக்குள்ளேயே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். காலேஜில் பேராசிரியர் கரும்பலகையில் எதையாவது எழுதிவிட்டு, திரும்பி எங்களைப் பார்ப்பார். நாங்கள் நாற்பது பேரும் தலையை ஆட்டுவோம். புரிந்ததால் அல்ல, ஆட்டாத தலை அவர் கண்ணில் தனியாகத் தெரியும் என்பதால். எங்கள் அப்பாவிடம், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று நான் முதல் வருஷ விடுமுறையில் சொன்னபோது, கையில் எடுத்த சோற்றைக் கீழே வைத்துவிட்டு, "அட, அப்படியாடா!" என்றார். அவரிடம் 'அட' ஏராளமாக இருக்கிறது. எனக்குப் பட்டமளிப்பு விழாவில் அங்கியைக் கொடுத்தபோது, பதிலுக்கு என்னிடமிருந்த 'அட'வை வாங்கி வைத்துக்கொண்டார்களோ?

சரி, கதைக்கு வருகிறேன்.

அப்பீலை விசாரிப்பவர்கள் மதுரைக்கு வரமாட்டார்கள். சாட்சியை இங்கேயே விசாரித்து எழுதி அனுப்புவதற்கு உள்ளூர் வக்கீல் ஒருவரைக் கமிஷனராக நியமித்திருந்தார்கள். அவர் ஆபீஸ் அறையில் ஒரு மேஜை, நாலு நாற்காலி. நமக்கு வக்கீல் கிடையாது. "வக்கீலுக்கு வெளங்க வைக்கிறதுக்குள்ள பெயிண்டு காஞ்சு போயிரும் மாப்ள. நானே கேட்டுக்கிறேன். நீ காகிதத்தை மட்டும் எடுத்துக் குடு" என்று சொல்லிவிட்டார் சேக் மைதீன்.

சிவசங்கரன் கேட்டதற்கெல்லாம் ஹாலாஸ்யமய்யர் அழகாகப் பதில் சொன்னார். மாமா, வீடு, வெள்ளம் எல்லாம் கமிஷனரின் தாளில் ஏறின. பிறகு சேக் மைதீன் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"சாமி, ஒங்க மாமா வீட்டுல பசை சூடா இருந்துச்சா, ஆறி இருந்துச்சா?"

"நீர் எப்படிப் பண்றீரோ அப்படித்தான்."

"எண்ணெயை எப்படி ஊத்துனாக?"

"நீர் எப்படி ஊத்தறீரோ அப்படித்தான்."

"நான் எப்படி ஊத்துறேன்?"

"அது உமக்குத் தெரியாதா ராவுத்தரே?"

அறையில் சிரிப்பு. சேக் மைதீனுக்குக் காது சிவந்தது. மேஜையைத் தட்டினார். "யா அல்லா! ஒரு மனுசன் ஒரே ஒரு பொருளைப் பாத்து 'எனக்குத் தெரியாது'ன்னு சொன்னா வானம் இடிஞ்சு விழுந்துருமா?" என்றார். கேள்விகளை மட்டும் கேட்கும்படி கமிஷனர் எச்சரித்தார். சிவசங்கரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். காவிப்பொடித் தராசு கண்முன்னே ஆடத் தொடங்கிவிட்டது.

கம்பெனி அப்பீல் மனுவோடு சில காகிதங்களை இணைத்திருந்தது. வர்ணத் தொழிலில் தனக்கு உள்ள அனுபவத்தைக் காட்டிக்கொள்ள, பெருமையாகத் தன் சிவப்பு வர்ணத்தின் பேடண்ட் நகலையும் வைத்திருந்தது. அதை எடுத்து, பாகீரதி அம்மாள் சொன்னதையும் இரண்டு வார்த்தையில் சேக் மைதீனின் காதில் போட்டு, அவர் முன்னால் வைத்தேன். செய்முறையைத் தமிழில் ஓரத்தில் எழுதியிருந்தேன்.

அவர் படித்தார். என்னைப் பார்த்தார். குரல் தேனாக மாறிவிட்டது.

"கோவிச்சுக்கிறாதீக சாமி. நீங்க பெரியவுக, எல்லாம் பாத்தவுக. இன்னொரு கலரு கேக்குறேன். குங்கிலியத்தைப் பொடி பண்ணி..."

தலை ஆடத் தொடங்கிற்று.

"...எண்ணெயில போட்டு, நொரை அடங்குற வரைக்கும் காய்ச்சி, எறக்கி..."

கண்கள் பாதி மூடின. சிவசங்கரன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"...கை பொறுக்குற சூட்டுல சிவப்பைக் கலந்து, கடைசியில கர்ப்பூரத் தைலம் விட்டு, தகரக் கூரைக்கு..."

"ஆட்சேபிக்கிறேன்!" என்று சிவசங்கரன் எழுந்தார். "இதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை. சாட்சி பதில் சொல்லக் கூடாது!"

ஹாலாஸ்யமய்யரைப் பதில் சொல்லக் கூடாது என்று தடுப்பதா! அவர் வக்கீலைப் பரிதாபத்தோடு பார்த்தார். "என்னங்காணும் பதறறீர்? எங்க பெரியப்பா ஆத்துக் கொட்டகைக்கு வருஷா வருஷம் அடிப்பாளே. அப்பவே உண்டே, ஓய்!"

"எழுதிக்கிருங்க எஜமான்," என்றார் சேக் மைதீன் கமிஷனரிடம். "அப்பவே உண்டாம்."

கமிஷனர் ஆட்சேபணையையும் எழுதினார், பதிலையும் எழுதினார். சிவசங்கரனின் முகம் சுண்ணாம்புச் சுவர் ஆயிற்று. அவர் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். இந்தச் சாட்சி உண்மை பேசுகிறவர் என்றால், கம்பெனி பிழைத்துக்கொண்டிருக்கிற சிவப்பு வர்ணமும் பழசு. அந்தப் பேடண்டைத் தள்ளும்படி நாளைக்கே யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம். உண்மை பேசாதவர் என்றால், அப்பீலுக்கு வேறு சாட்சி இல்லை. ஒரே தலை. ஆட்டினாலும் போச்சு, ஆட்டாவிட்டாலும் போச்சு. "உங்கள் ஊரில் வேறு ஆளே இல்லையா?" என்று படியிறங்கும்போது அவர் என்னிடம் கேட்டார். நிறையப் பேர் இருக்கிறார்கள், எல்லோரும் இதே இனம்தான் என்று சொல்ல நினைத்தேன்.

அந்த வாக்குமூலம் மேலே போகும் முன்னமே கம்பெனி அப்பீலை வாபஸ் வாங்கிக்கொண்டது. பேடண்ட் உறுதியாயிற்று.

தபால் வந்த அன்று சேக் மைதீன் அல்வாப் பொட்டலத்தோடு ஆவணி மூல வீதிக்கு ஓடினார். நானும் ஓடினேன். எனக்கு அல்வாவைவிட அந்த முகத்தைப் பார்க்க ஆசை.

"சாமி! பேடண்ட்டு கெ..."

தலை ஆடிற்று.

"கிடைக்கும்னு அப்பவே தெரியுமே ராவுத்தரே! அதுக்குத்தானே நான் வந்து சாட்சி சொன்னேன்."

சேக் மைதீன் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, சண்டைக்காரக் குரல் எல்லாம் போய், ஒரு பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டார்: "சாமி, கல்கத்தாக்காரன் புதுசுங்குறான். கம்பெனிக்காரன் ஓடிப்போயிட்டான். இந்தச் சொவத்துலதான் நீங்க நெதம் சாயுறீக. ஒரே ஒரு தடவை, அதைப் பாத்து 'அட'ன்னு சொல்லுங்களேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"அட சொல்றதுக்கு இதிலே என்ன இருக்கு, ஓய்?" என்று சிரித்து, அல்வாப் பொட்டலத்தைப் பாகீரதி அம்மாளிடம் நீட்டினார் ஹாலாஸ்யமய்யர்.

இதோடு நிறுத்தியிருந்தால் இவரை நன்றாகக் கேலி செய்த திருப்தி எனக்கு இருந்திருக்கும். ஆனால் பார்த்துவிட்டேனே. சில நாள் கழித்து, விடிந்தும் விடியாத நேரத்தில் ஜன்னலைத் திறந்தேன். வீதியில் ஆள் இல்லை. ஹாலாஸ்யமய்யர் வாசல் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையைச் சுவரில் வைத்து, அழுத்தி, நீளமாகத் தேய்த்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. அங்கவஸ்திரத்தின் நுனியை எடுத்துத் தேய்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் கையால் தேய்த்தார். உதடு பிரிந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் தலை ஆடவில்லை. கண் முழுசாகத் திறந்திருந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் ஒரே இடத்தில்தான் பார்த்திருக்கிறேன்: சோற்றைக் கீழே வைத்த அப்பாவிடம்.

பிறகு அண்ணாந்தார். என்னைப் பார்த்தார். தலை ஆடத் தொடங்கிற்று.

இதைச் சேக் மைதீனிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "இது கணக்குல சேருமா அண்ணே?" என்றுகூடக் கேட்டேன்.

"சேராது மாப்ள. சொவத்துக்கிட்டச் சொன்னாரு. எங்கிட்டச் சொல்லலையே."

அடுத்த ஐப்பசியில் ஹாலாஸ்யமய்யர் நாகபுரியில் இருக்கும் மகனிடம் போய்விட்டார், பாகீரதி அம்மாளோடு. சேக் மைதீன் ஸ்டேஷனுக்கு வந்தார்; மூட்டைகளை ஏற்றினார்; ரயில் நகரும் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதற்காக நின்றார் என்று எனக்குத் தெரியும். ஹாலாஸ்யமய்யருக்கும் தெரிந்திருக்கும், அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஆடிக்கொண்டிருந்த தலை ஆடியபடியே சோழவந்தான் பக்கம் போய் மறைந்தது.

நிற்க. வாசகரே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கமிஷனர் மேஜைமேல் நான் அந்தக் காகிதத்தை எடுத்து வைத்தேனே, அப்போதே, 'இப்படித்தான் நடக்கப் போகிறது' என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? பாகீரதி அம்மாள் கதவோரம் வந்து நின்றபோதே தெரிந்துவிட்டதா? பலே. 'இந்த மாதிரி ஆசாமி எங்கள் தெருவிலும் ஒருத்தர் உண்டே' என்று முதல் பத்தியிலேயே நினைத்தீர்களா? கொஞ்சம் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டதா, இன்னும் ஆடுகிறதா?

வருத்தப்படாதீர்கள். கோரிப்பாளையம் பக்கம் போனால் தர்காவைத் தாண்டி சேக் மைதீன் கடை இருக்கிறது. துண்டை வாங்கித் தேய்த்துப் பாருங்கள். உங்கள் 'அட'வை வாங்கிக்கொண்டு சோடா கொடுப்பார். ஆனால் உங்களுடையது உங்கள் பேரில்தான் வரவாகும். ஆவணி மூல வீதியிலிருந்து வரவேண்டியது இன்னும் வரவில்லை. வடக்கேயிருந்து ரயில் வருகிற நேரத்தில் அவர் கடை வாசலுக்கு வந்து நின்று பார்க்கிறார்.